ஆறு அங்குலம் தாழும் வீடு

நோர்வே, பின்லாந்து, ருஷியா முதலிய வடபுல நாடுகளில், மரக்குற்றிகளை அடுக்கிப் புதிதாகக் கட்டிய வீடொன்றினுட் புகும் அயலான் கதவு நிலையின் மேற்புறத்தை அண்ணாந்து நோக்குவானாயின் திகைப்படைவான். நிலைக்கும் அதன்மேற் கிடக்கும் குற்றிக்கும் இடையே கை நுழையத்தக்க வெளியொன்று இருக்கும். அவ்வெளியிற் பாசியோ சணல் நாரோ திணித்து, முன்னே ஒரு பலகையால் மறைத்திருப்பர். தச்சன் அளவு பிழைத்துவிட்டான் என்றே எண்ணத் தோன்றும். எமது ஊரில் ஒரு வீட்டு நிலை இவ்வாறு அமைந்திருந்தால், வீட்டுக்காரர் மிகுதிக் கூலியை எண்ணிக் கொடுக்குமுன் இருமுறை யோசிப்பார் அல்லவா? ஆனால் அந்நாடுகளில் அந்த வெளியை விடாத தச்சனே பிழை செய்தவன். ஏனெனில் அவ்வீடு இன்று நிற்கும் உயரத்தில் நாளை நிற்கப் போவதில்லை. கட்டிய சில ஆண்டுகளுள் 8 அடி உயரச் சுவர் ஏறத்தாழ 6 அங்குலம் தாழ்ந்துவிடக் கூடும். பசுமரத்தாற் சுவர் எழுப்பும் வட அமெரிக்கக் கட்டுநர், நூற்றுக்கு 6 பங்கு தாழும் என்று கணக்கிட்டே கதவும் சாளரமும் அமைக்கின்றனர்.

இதன் காரணம் மரத்தின் இயல்பிலேயே உள்ளது. மாணவர்கள் இதனைத் தம் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இன்று வெட்டிய வேப்பங்கொம்பில் ஒரு முழத் துண்டெடுத்துப் பட்டையைச் சீவி, நீளத்தையும் விட்டத்தையும் செவ்வையாக அளந்து குறித்துக்கொண்டு, நிழலிற் சில மாதம் போட்டு வைக்குக. மீண்டும் அளக்கும்போது நீளம் மாறியதாகவே தோன்றாது, விட்டமோ குறைந்திருக்கும். மரமென்பது நெடுக்காகக் கிடக்கும் நுண்குழல்களின் கட்டு. அக்குழல்களின் சுவரில் ஊறிய நீர் வெளியேறுகையிற் சுவர்கள் மெலிகின்றன, குழல்கள் நெருங்குகின்றன, அவற்றின் நீளம் மாத்திரம் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றது. பைன் மரம் பச்சை நிலையிலிருந்து முற்ற உலரும்வரை, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய போக்கில் நூற்றுக்குச் சுமார் 4 பங்கும், ஆண்டு வளையங்களின் போக்கிற் சுமார் 8 பங்கும் சுருங்கும். நெடுக்கிலோ நூற்றுக்கு அரைப் பங்கும் இல்லை.

ஆகவே ஒரே மரம் நின்றால் ஒருவிதம், கிடந்தால் வேறுவிதம். கண்டிக்கு அண்மையிலுள்ள எம்பக்கே தேவாலயத்தின் சித்திரத் தூண்களைக் கண்டவர் எம்மிற் பலர். 14ஆம் நூற்றாண்டிற்குரிய அத்தேவாலயத்தில் 26 கைமரங்களை ஒரே மரமுளை இணைத்து நிற்பதையும் வழிகாட்டிகள் தவறாது சுட்டிக் காட்டுவர். அங்கே பாரந்தாங்கும் மரங்கள் நிற்கின்றன. உலர்ந்தாலும் அவற்றின் உயரம் குறைவதில்லை. நோர்வேயில் 12ஆம் நூற்றாண்டில் எழுந்து இன்றும் நிற்கும் போர்குந்து மரக்கோயிலும் இவ்வகையினதே. அதன் சுவர்கள் செங்குத்தாக நிறுத்திய பலகைகளும் தூண்களுமாகும். அதற்கு முந்திய கோயில்களின் தூண்கள் மண்ணில் நட்டமையால் உளுத்து அழிந்தன. கல்லின்மேற் கிடத்திய அடிமரத்திலே தூணை நிறுத்தக் கற்ற பின்னரே அவை நூற்றாண்டுகளைக் கடந்தன. குற்றி வீடு இதற்கு நேர்மாறானது. அங்கே சுவர் முழுதும் கிடக்கும் மரம்; பன்னிரண்டு குற்றிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் பன்னிரண்டும் சுருங்கும். தாழ்வு கூடிக்கொண்டே போகும்.

இத்துணைத் தொல்லை தரும் முறையை ஏன் கைக்கொண்டனர் எனலாம். நெட்டையாய் நேராய் வளரும் பைன், ஸ்புரூஸ் மரங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நிறைந்த நாடுகள் அவை. குளிர்காலத்தில் நீர் உறையும், சாந்து பிடிக்காது. ஒரு கோடரியும் இரு கைகளும் இருந்தால் வீடாகும். 15 முதல் 20 சதமமீற்றர் தடித்த மரச்சுவரே குளிரைத் தடுக்கும் போர்வையுமாகும். கருங்கடலின் கிழக்குக் கரையிலிருந்த கொல்கிய மக்கள் மரங்களைக் கிடத்தி மூலைகளில் மாறிமாறி அடுக்கி வீடு கட்டினர் என்று, கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டிலேயே உரோமச் சிற்பநூலாசிரியர் வித்துருவியர் எழுதிவைத்துள்ளார். அவ்விடத்துக்கும் காரணம் காட்டின் மிகுதியே என்பது அவர் கருத்து.

மரத்தைத் தெரிவதிலே தொடங்குகின்றது தச்சனின் அறிவு. தொல்காப்பியர் புறத்தே வைரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வைரமுடையவற்றை மரம் என்றும் வகுத்தார். எமது பனை அவர் கணக்கிற் புல்லே. வைரம் வெளியேயும் சோறு உள்ளேயும் இருத்தலின், பனையை நாம் பிளந்து, வைரப்பகுதியைக் கைமரமாகவும் சிலாகையாகவும் கொள்கின்றோம். முழுப்பனையை அடுக்கி எவரும் சுவர் எழுப்பார். பைன் மரமோ அகக்காழ். அதன் உள்வைரத்திற் பிசின் ஊறி நிற்பதால் ஈரமும் பூஞ்சணமும் எளிதில் அணுகா. வெளியேயுள்ள வெளிறே முதலில் உளுக்கும். எனவே மெல்ல வளர்ந்த, வளையங்கள் நெருங்கிய, வைரம் பருத்த முதுமரத்தையே நாடினர். சில இடங்களில் மரத்தை வெட்டுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அதன் தலையைத் தறித்து, பட்டையையும் உரித்து, நின்ற நிலையிலேயே பிசின் ஊறவிட்டனர். இன்றைய வீடொன்றுக்காக நேற்றைய தகப்பன் மரத்தை ஆயத்தம் செய்து வைத்தான் என்று சொன்னால் அது மிகையன்று. வெட்டுவது குளிர்காலத்தில். அப்போது மரத்தைப் பனியின்மேல் இழுத்துச் செல்வதும் எளிது. பூச்சியும் பூஞ்சணமும் உறங்கும் காலமும் அதுவே.

இனி வீடு எழும் முறையைக் காண்போம். மூலைகளிற் பெருங்கற்களை வைத்து, அவற்றின்மேற் பூர்ச்ச மரப்பட்டையை விரித்து, அதன்மேல் முதற்குற்றிகளை இடுவர். காசுமீர நாட்டார் ஏடெழுதிய பூர்ச்சபத்திரம் என்று நாம் கேள்விப்பட்டிருக்கும் பட்டையின் இனமே இது. நீரை ஊடுபுகவிடாத அதனை, கல்லின் ஈரம் மரத்தில் ஏறாதபடி காக்க அவர்கள் பயன்படுத்தினர். கூரையிலும் அதனையே அடுக்கடுக்காகப் பரப்பினர்.

குற்றி அடிபெருத்து நுனி சிறுத்தது. ஒரு வரியில் அடிப்பாகம் கிழக்கே இருந்தால் அடுத்த வரியில் மேற்கே இருத்தல் வேண்டும். இல்லையேற் சுவர் ஒருபுறம் சாய்ந்து எழும். மரத்தின் நீளமே அறையின் நீளத்தை முடிவு செய்யும். தூக்கத்தக்க நல்ல குற்றி பெரும்பாலும் 5 முதல் 7 மீற்றர் வரையே இருப்பதால் ஒரு வீடென்பது அடிப்படையில் ஒரு பெட்டி. இன்னோர் அறை வேண்டின் இன்னொரு பெட்டியை அருகே எழுப்ப வேண்டும். பழைய நோர்வேப் பண்ணை முற்றத்திற் சமையற்கூடம், களஞ்சியம், தொழுவம், கொல்லன் பட்டடை எனப் பல சிறு கட்டிடங்கள் தனித்தனியே நிற்பதற்கு இஃதொரு காரணம். தீப்பயம் மற்றொன்று. பேர்கன் நகரின் துறைமுக மரவீதி 1702இல் முற்றாக எரிந்தது. மீளக் கட்டியவற்றில் ஒரு பகுதி 1955இல் மறுபடியும் எரிந்தது. ஒரு கட்டிடம் எரிந்தால் மற்றவை தப்பட்டும் என்றே உழவன் எட்ட எட்டக் கட்டினான்.

மூலைப் பொருத்திலேதான் தச்சனின் கை தெரியும். இரு குற்றிகள் குறுக்கிட்டுக் கவ்வும்படி ஒன்றில் அரைவட்டமாக வாய் வெட்டுவர். இந்த வாயைக் கீழ்க்குற்றியின் மேற்புறத்தில் வெட்டுவது எளிது. ஆனால் அது கிண்ணம்போல் மழைநீரை ஏந்தி மூலையை உளுக்கச் செய்யும். மேற்குற்றியின் அடிப்புறத்தில் வெட்டினால் நீர் வழிந்தோடும். ஒரே வெட்டு, கவிழ்த்தால் ஆயுள், மலர்த்தினால் அழிவு. பின்பு கவராயம் போன்ற இருமுனைக் கருவியொன்றைக் கீழ்க்குற்றியின் முதுகில் ஓட்டி, அதன் மேடுபள்ளமெல்லாம் மேற்குற்றியின் வயிற்றிற் கோடாகப் பதியச் செய்வர். அக்கோட்டின்படி நீளத் தவாளிப்புக் குடைந்து, பாசியை இட்டு, மேற்குற்றியை இறக்கினால் ஒன்று மற்றொன்றின்மேற் குடைபோலக் கவிந்து அமரும்.

இங்கு ஒரு நுட்பத்தை விரிவாகச் சொல்ல விரும்புகின்றோம். வளையப் போக்கிற் சுருக்கம் அதிகமென்று மேலே கண்டோம். அதனால் உலரும் குற்றி எங்கேனும் நெடுக்கே வெடித்தே தீரும். வெளிப்புறத்தில் வெடித்தால் மழை புகும். எனவே தச்சன் தானே முந்திக்கொண்டு, குற்றியின் முதுகில் நெடுக ஒரு கீறல் இடுகின்றான். மரம் அக்கீறலிலேயே வெடித்து விரியும்; அதன்மேல் அடுத்த குற்றி கவிந்திருப்பதால் நீர் அணுகாது. வெடிப்பைத் தடுக்க இயலாதென்று அறிந்தவன், அது எங்கே வெடிக்கவேண்டும் என்பதை மாத்திரம் தான் தீர்மானித்துக் கொண்டான்.

கதவு சாளரங்களும் அவ்வாறே. திறப்பின் இருபுறமும் அறுபட்டு நிற்கும் குற்றிகளின் முனைகளிற் செங்குத்தான தவாளிப்பு வெட்டி, அதனுள்ளே நிலைக்காலின் நாக்கைச் செருகுவர். ஆணி அடிப்பதில்லை. சுவர் தாழும்போது குற்றிகள் நிலைக்காலின்மேல் வழுக்கி இறங்கும். மேலே விட்ட வெளி சிறுகச் சிறுக மூடும். நிலையை ஆணியாற் குற்றிகளோடு பிணைத்த வீட்டின் கதி யாது? நிலைக்கால் நிற்கும் மரம், அது தாழாது. மேலுள்ள குற்றிகள் அதன்மேல் தொங்கிக்கொள்ளும். கீழுள்ளவை தம்பாட்டில் இறங்கும். இடையில் வாய் பிளக்கும். அங்கே காற்றும் பனியும் நுழையும். பின்னர் ஈரமும் உளுப்பும் வரும். புகைபோக்கியும் அத்தகையதே. கல் தாழாது, சுவரும் கூரையும் தாழும். எனவே கூரை புகைபோக்கியைத் தொடாது வழுக்கி இறங்கும்படி இடம் விடுதல் வேண்டும். முகப்புத் தாழ்வாரத் தூண்களின் கீழே இக்காலத்தார் திருகாணி உயர்த்திகளை வைத்து, ஆண்டுக்கொருமுறை சிறிது சிறிதாகத் தளர்த்தி விடுகின்றனர்.

நோர்வேப் புற்கூரையின் பயனும் இதனோடு சேர்ந்ததே. பூர்ச்சப்பட்டையின்மேல் வேரோடு பெயர்த்த புற்கட்டிகளைப் பரப்பிய அக்கூரை ஒரு சதுர மீற்றருக்குச் சுமார் 250 கிலோகிராம் கனக்கும். பனி பெய்தால் 400, 500 ஆகவும் உயரும். இவ்வளவு பாரத்தை ஏன் தலையிற் சுமக்கவேண்டும் என்று எமக்குத் தோன்றும். அந்தப் பாரமே குற்றிகளை ஒன்றோடொன்று நெருக்கி, இடுக்குகளை அடைத்து, வீட்டைக் குளிர் புகாததாக்குகின்றது. கூரைமேல் ஆடு மேயும் படங்களைக் கண்டு சிறுவர் சிரிப்பர். சிரிக்கட்டும், ஆனால் அப்புல் அழகுக்காக வளர்த்ததன்று.

ஆணியால் இறுக்கப்படாத வீட்டைக் கழற்றவும் முடியும். குற்றிகளின் முனையிற் கோடரியால் எண்குறிகளை வெட்டி வைத்துவிட்டால், கழற்றி வண்டியில் ஏற்றி வேறிடத்தில் மீண்டும் அடுக்கலாம். 1630களில் மொஸ்கோ நகரைக் கண்ட ஜெர்மானியர் ஆதாம் ஒலேயாரியர், அங்கே ஆயத்த வீடுகள் விற்கும் சந்தையொன்று இருந்ததைக் குறித்துள்ளார். அடிக்கடி தீப்பற்றும் நகரில், வீடிழந்தவன் சந்தைக்குப் போய் வீடு வாங்கி வந்து மிகச் சுருங்கிய காலத்தில் நிறுத்திக் கொண்டான். நோர்வேயின் லில்லஹாமர் நகரில் ஆண்டர்ஸ் சாண்ட்விக் என்னும் பல்வைத்தியர் ஒருவர் இருந்தார். பற்பிடுங்கப் பள்ளத்தாக்கெங்கும் பயணஞ்செய்த அவர், பழைய மனைகள் கைவிடப்படுவதைக் கண்டு, 1887 தொடக்கம் அவற்றை ஒவ்வொன்றாக வாங்கிக் கழற்றிக் கொணர்ந்தார். 1904இல் திறக்கப்பட்ட மைஹௌகன் திறந்தவெளி அரும்பொருட்சாலை அவ்வாறு உருவானது. இன்று அங்கே ஏறத்தாழ 200 கட்டிடங்கள் நிற்கின்றன.

கழற்றக்கூடியது கலையவும் கூடும். குற்றி வீட்டை வட அமெரிக்காவுக்கு முதலிற் கொண்டு சென்றவர்கள், 1638இல் டெலவெயர் ஆற்றோரம் குடியேறிய சுவீடியரும் பின்லாந்தவரும் ஆவர். ஆங்கிலக் குடியேறிகள் அல்லர். பின்னர் அது அந்நாட்டு எளியோரின் வீடாகி, 1809இல் ஆபிரகாம் லிங்கன் பிறந்த குடிலாகப் புகழ் பெற்றது. அவர் பிறந்த குடில் என்று ஒன்றைக் கழற்றி, ஊரூராகக் காட்சிக்கு வைத்து, இறுதியிற் கென்டக்கியிற் கட்டிய பளிங்கு மண்டபத்தினுள் 1911இல் வைத்தனர். மண்டபத்திற்குள் அடங்கவேண்டி அதன் அளவையும் குறைத்தனராம்! 2004இல் அக்குற்றிகளின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் மிகப் பழையதும் 1848ஆம் ஆண்டிற்குரியதே என்று தெரிந்தது. அவ்வாண்டில் லிங்கனுக்கு வயது 39. பொய்யை நூறாண்டு சுமந்த மரமே உண்மையையும் தன்னுள் எழுதி வைத்திருந்தது. ருஷியாவின் நொவ்கொரொட் நகரில் மரம் பாவிய தெரு ஒன்றை அகழ்ந்தவர்கள் 28 அடுக்குகளை எண்ணி, 953 முதல் 1462 வரை அவை இடப்பட்டன என்று கணித்ததும் இவ்வளையங்களைக் கொண்டே.

இத்தனை நுட்பங்களும் ஒருங்கே சோதனைக்குள்ளான இடம் வீடன்று, கோயிலொன்று. ருஷியாவின் வடக்கே ஒனேகா ஏரியிலுள்ள கிஷித் தீவில் 1714இல் எழுந்த தேவாலயம் அது. 37 மீற்றர் உயரம், 22 குவிமாடங்கள். கட்டிய தச்சன், இதுபோல் ஒன்று இனி எழாது எனக் கூறித் தன் கோடரியை ஏரியில் எறிந்தான் என்பது கர்ணபரம்பரைக் கதை. கதை எவ்வாறாயினும் வேலை உழவர் வீட்டின் வேலையே: பைன் குற்றி, மூலை வெட்டு, பாசி. குவிமாடங்களைப் போர்த்த ஆஸ்பென் மர ஓடுகளுக்கு மாத்திரமே ஆணி தேவைப்பட்டது.

இரண்டரை நூற்றாண்டு கழிய அடிக்குற்றிகள் உளுத்தன. கோயில் ஒருபுறம் சரியத் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டிற் சுவர்களைப் பலகையாற் போர்த்தியிருந்தனர். 1950களில் அதனை அகற்றினர். 1980இல் மக்கள் உட்செல்லத் தடைவிதித்து, அடுத்த சில ஆண்டுகளில் உள்ளே ஓர் உருக்குச் சட்டகத்தை நிறுத்தினர். விழவிருந்ததை அது தடுத்தது என்பதை மறுக்கலாகாது. ஆயினும் கதவு நிலையில் ஆணியடித்த தச்சனின் பிழையே பேரளவில் இங்கு நேர்ந்தது என்பது எமது எண்ணம். உருக்கு தாழாது, மரம் தாழும். ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்து பாரம் இறக்கவேண்டிய குற்றிகளிற் சில உருக்கைப் பற்றித் தொங்கின, சில தம்வழியே இறங்கின, சுவர்கள் கோணலாயின. 1990இல் யுனெஸ்கோ அத்தீவின் கோயிற்றொகுதியை உலக மரபுரிமையாகப் பதிவு செய்தபோது அதன் நிலை அதுவே.

கழற்றி மீள அடுக்குவதா, நின்றபடியே திருத்துவதா என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது. முற்றக் கழற்றினால் மீண்டும் அடுக்குவது அதே கோயிலாகுமா என்று அஞ்சியோர் பலர். இறுதியில் நடுவழி ஒன்றைக் கண்டனர். கோயிலை உயரவாக்கில் ஏழு அடுக்குகளாகப் பிரித்து, உள்ளிருந்த உருக்கின் துணைகொண்டும் புதிய தாங்கிகள் கொண்டும் மேலடுக்குகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மிகக் கீழான அடுக்கை முதலிற் கழற்றினர். குற்றிகளை அருகிலிருந்த பட்டறைக்குக் கொண்டுபோய், உளுத்த பாகத்தை மாத்திரம் வெட்டி, அதேயளவு நல்ல பைன் துண்டை ஒட்டுவைத்து, முற்றாக அழிந்தவற்றுக்குப் புதுக்குற்றி செய்து, தம் இடத்திலேயே மீண்டும் வைத்தனர். பின்பு அதற்கு மேலடுக்கு. பின்பு அதற்கும் மேல். பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட வேலை. முன்னோர் கோடரியால் வெட்டிய முகத்தோடு புதுத்துண்டின் முகமும் ஒத்திருக்க வேண்டுமெனப் பட்டறைத் தச்சர் பழைய கோடரி வேலையை மீளக் கற்றனர்.

2020இல் வேலை முடிந்து, நாற்பது ஆண்டுகளின் பின் மக்கள் மீண்டும் உட்சென்றனர். முந்நூறு ஆண்டு வெயிலிலும் பனியிலும் வெள்ளிபோல் நரைத்த குற்றிகளின் நடுவே, ஒட்டுவைத்த புதுப்பைன் துண்டுகள் தேன் நிறமாகத் தெரிந்தன. அவற்றுக்கு எவரும் சாயம் பூசவில்லை; இன்னும் சில ஆண்டு வெயில் பட்டால் அவையும் நரைத்துவிடும் என்று விட்டுவிட்டனர்.